தெளிந்த நீரும் வாழும் நீரும்



புதுநன்மை, பிறந்தநாள், தேர்வில் வெற்றி என்று மகிழ்ச்சிக்குரிய நாள் எதுவாயினும், பிள்ளைகளுக்குக் கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் பங்குகளில் பெருகி வருகின்றது. நல்ல வழக்கமே. ஓர் உயிரைப் பேணக் கற்கும் பிள்ளை பொறுப்பையும் இரக்கத்தையும் உடன் கற்கின்றது. ஆனால் வீடு சந்திப்பிற்குச் செல்லும்போது, மாடிப்படியின் அடியிலும் பரண்மேலும் காய்ந்து கிடக்கும் வெறுந்தொட்டிகளையும் நாம் காண்கிறோம். "என்ன ஆயிற்று?" என்று வினவினால், "வாங்கின மீன் எல்லாம் செத்துட்டு சாமி. நமக்கு மீன் ராசி இல்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது.

ராசி என்று ஒன்றில்லை. காரணம் ஒன்று உண்டு. அக்காரணத்தை அறிந்தால் தொட்டியும் காயாது, மீனும் மடியாது. இத்திங்கள் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பொதுவாக நடப்பது இதுதான். ஞாயிறு பூசை முடிந்து, தந்தையும் பிள்ளைகளும் கடைக்குச் செல்கின்றனர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஒன்று, வண்ணக் கூழாங்கல், காற்று மோட்டார், அவற்றோடு பாலித்தீன் பையில் ஆறு பொன்மீன்கள். அன்று மாலையே ஏறக்குறைய 55 லிட்டர் குழாய்நீரை நிரப்பி மீன்களை விட்டுவிடுகின்றனர். முதல் நாள் வீடே திருவிழாக் கோலம் பூணுகின்றது. மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. ஐந்தாம் நாள் ஒன்று மிதக்கின்றது. ஒரு வாரம் முடியுமுன் ஒன்றிரண்டே எஞ்சுகின்றன. வீட்டார் நீரைக் கொட்டி, தொட்டியையும் கல்லையும் சோப்புத் தூளிட்டுத் தேய்த்துக் கழுவி, புதுநீர் ஊற்றிப் புதுமீன் வாங்கி விடுகின்றனர். மீண்டும் அதே கதை.

பாளையங்கோட்டைப் பக்கத்து வீடு ஒன்றில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நம்மிடம் கேட்ட வினா இன்னும் நம் செவியில் ஒலிக்கின்றது. "சாமி, தண்ணி நல்லாத் தெளிவாத்தான கெடந்துச்சு. பெறகு ஏன் மீன் செத்துட்டு? ஆச்சி என் கைராசிதான்னு சொல்லுதாவ." அந்தப் பாட்டி வேடிக்கையாகச் சொல்லியிருக்கக் கூடும். பிள்ளை அதனை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் கை பட்டதால் உயிர் போயிற்று என்று ஒரு குழந்தை நம்பத் தொடங்குவது சிறு காரியமன்று. ஆதலால் அச்சிறுமியின் வினாவிற்கு முழு விடை கூறியாக வேண்டும். தெளிந்த நீரில் மீன் ஏன் சாகின்றது?

மீன் உண்ட உணவின் கழிவில் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறி, அதன் செவுள் வழியாகவே நீரில் கலக்கின்றது. உண்ணாமல் விடப்பட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகின்றது. அம்மோனியாவிற்கு நிறமில்லை. நீர் பளிங்குபோல் தோன்றும்போதே அது மீனின் செவுளை அரித்துக்கொண்டிருக்கும். ஆற்றிலும் குளத்திலும் இதே கழிவு சேர்கின்றது. அங்கே மீன் சாவதில்லை, ஏன்? நீர் மிகுதி என்பது ஒரு காரணம். மற்றொன்று, அங்கே பாறையிலும் மணலிலும் வேரிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் படிந்திருந்து, இரவும் பகலும் அக்கழிவை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

அவ்வேலை இரண்டு படிகளில் நடைபெறுகின்றது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட் என்னும் பொருளாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அத்துணைக் கொடியதன்று. செடிகளுக்கு அது உரமாகும். எஞ்சியதை வாரந்தோறும் சிறிது நீர் மாற்றுவதால் வெளியேற்றிவிடலாம். 2015ஆம் ஆண்டில், இவ்விரண்டு படிகளையும் தானே செய்து முடிக்கும் நுண்ணுயிர்களும் உண்டென்று அறிவியலார் கண்டறிந்தனர். கடையிலிருந்து வந்த புதுத்தொட்டியில் இவர்களுள் ஒருவரும் குடியேறியிருப்பதில்லை. வீடு கட்டி முடியுமுன் குடிபுகுந்தவர்கள் மழையில் நனைவதுபோல, அம்மீன்கள் தம் கழிவிலேயே மூழ்கி மடிகின்றன.

இவ்வுண்மையை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் ஒரு தந்தையும் மகனும் வருகின்றனர். இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், மூடிய நீர்த்தொட்டியில் மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழ இயலும் என்பதை 1850இல் எடுத்துரைத்தார். இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நாடா இலைச் செடியையும் வைத்து அவர் தொடங்கினார். அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தபோது அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்தார். இன்றைய வீட்டுத் தொட்டிகளின் முன்னோடி அதுவே. ஆனால் நுண்ணுயிர்களின் பங்கு அவர் அறியாதது.

1877இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டனர். முதல் 20 நாள்கள் யாதொரு மாற்றமும் இல்லை. அம்மோனியா அம்மோனியாவாகவே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோபாம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றது. எனவே இது வெறும் வேதியியல் மாற்றமன்று, உயிருள்ளவை செய்யும் வேலை என்று தெளிந்தனர். இதனைப் படித்து, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுநிலையத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இவ்வேலை இரண்டு படிகளாக நடப்பதை விளக்கியவர் மற்றுமோர் இராபர்ட் வாரிங்டன். அவர் முன்னவரின் மகன்! தந்தை தொட்டியை வைத்தார். அத்தொட்டி எதனால் வாழ்கின்றது என்பதன் மறைபொருளை மகன் ஆராய்ந்தார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்த பெருமை வினோகிராட்ஸ்கி என்ற இரஷ்ய அறிஞருக்குரியது. 1890இல் அதனை அவர் சாதித்தார்.

அந்த 20 நாள்களை நம் இல்லத்தார் மனத்தில் இருத்த வேண்டும். நுண்ணுயிர்கள் வந்து குடியேறிப் பெருகும்வரை காத்திருப்பதே புதுத்தொட்டியின் முதற்பாடம். நம் தாய்மார்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பாலில் உறைமோர் ஊற்றிவிட்டு, உடனே தயிரைத் தேடுவார் உண்டோ? ஒருபொழுது காத்திருக்கின்றோம். தொட்டிக்கும் அவ்வாறே உறை ஊற்ற வேண்டும். வேறுபாடு என்னவெனில், தயிர் ஓரிரவில் உறைந்துவிடும். தொட்டி உறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். சாதாரண நுண்ணுயிர்களுள் சில 20 நிமிடத்தில் இருமடங்காகும். அம்மோனியாவை உண்டு வாழ்பவை இருமடங்காகப் பல மணி நேரம், சிலபொழுது ஒரு நாளும் ஆகும். அவற்றை விரட்டி வேலை வாங்க யாராலும் இயலாது.

இனி, செய்யவேண்டியவற்றைக் கூறுவோம். தொட்டியைச் சோப்பின்றி வெறும் நீரால் கழுவி, கல்லைப் பரப்பி, நீரை நிரப்புக. மாநகராட்சிக் குழாய்நீராயின் அதிலுள்ள குளோரின் நம் நுண்ணுயிர்களையும் கொல்லும். ஆகையால் வாயகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாள் திறந்து வைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டுப் பின்னர் ஊற்றுக. அவசரமாயின் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொட்டுக்கணக்கில் விடலாம். முன்னாளில் புகைப்பட நிலையங்களில் பயன்பட்ட ஹைப்போ உப்பே அவற்றுள் பலவற்றின் மூலப்பொருள்.

அடுத்து, ஸ்பாஞ்சு பில்டரைப் பொருத்தி இரவும் பகலும் ஓடவிடுக. நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக் குடியிருப்பதையே விரும்பும். அவற்றிற்கு உயிர்வளியும் மிகுதியாக வேண்டும். மீன் இல்லாத தொட்டிக்கு எதற்கு மோட்டார் என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். மீன் இல்லையெனினும் நுண்ணுயிர்களுக்கு உணவு வேண்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியை, மீன் இருப்பதாகவே பாவித்து இடுக. அல்லது சிறு பச்சை இறால் ஒன்றை மெல்லிய துணியில் முடிந்து நீரில் தொங்கவிடுக. அது அழுகித் தரும் அம்மோனியாவே அவற்றின் அன்னம். உறவினர் வீட்டில் நோயின்றி நெடுநாள் ஓடும் தொட்டி இருப்பின், அதிலிருந்து ஒரு பிடி கல்லோ பழைய ஸ்பாஞ்சுத் துண்டோ வாங்கி, நீர் காயுமுன் கொண்டுவந்து நம் தொட்டியில் இடுக. இதுவே உண்மையான உறைமோர். இதனால் காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும். நம் ஊர் வெயிலும் ஒரு வகையில் உதவுகின்றது. குளிர்நாட்டார் நீரைச் சூடேற்றக் கருவி வைக்கின்றனர். இங்கே நீர் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் விரும்பும் வெதுவெதுப்பிலேயே இருக்கும்.

நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குக. பொதிகை மலையிலிருந்து வரும் தாமிரபரணி நீர் மென்மையானது. வள்ளியூர், இராதாபுரம் பக்கத்துக் கிணற்றுநீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கொண்டது. பி.எச். அளவு 7 உள்ள நீரில், சுமார் 30 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. பி.எச். 8 ஆயின் அது நூற்றில் ஏழு பங்கிற்கும் மேலாகின்றது. ஆகவே ஒரே அளவு கழிவு, ஒரு வீட்டு நீரில் மீனை வருத்தும், மற்றொரு வீட்டு நீரில் கொன்றேவிடும். கிணற்றுநீரைக் கொள்வோர் இருமடங்கு பொறுமை கொள்க. மென்மையான நீருக்கோ வேறொரு குறை உண்டு. நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மையைச் செலவிடுகின்றன. அது தீர்ந்தால் நீர் புளித்து, அவற்றின் வேலையும் நின்றுபோகும். சுண்ணாம்பு சுடுவோர் பயன்படுத்தும் கடற்கிளிஞ்சல் நான்கைந்தைக் கழுவிப் பில்டரின் அருகில் இட்டு வைத்தால் அக்குறை நீங்கும்.

தொட்டி உறைந்துவிட்டது என்பதை அறிவது எங்ஙனம்? அலங்கார மீன் கடைகளில் சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி கிடைக்கும். முதலில் அம்மோனியா ஏறும். ஓரிரு வாரத்தில் அது இறங்க, நைட்ரைட் ஏறும். பின்னர் அதுவும் இறங்கி, நைட்ரேட் தோன்றும். அன்றாடம் தீனி இட்டுவந்தும் முதலிரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து சுன்னமாக நின்றால் தொட்டி ஆயத்தம். அன்று பாதிக்கு மேற்பட்ட நீரை மாற்றிவிட்டு, மூன்று சிறுமீன்களை மட்டும் விடுக. கப்பி, மோலி, வரிக்கோடுள்ள சீப்ரா போன்றவை தொடக்கத்திற்கு ஏற்றவை. பொன்மீன் மிகுதியாகக் கழிவு வெளியிடுவதாலும் பெரிதாக வளர்வதாலும் சிறு தொட்டிக்கு ஏற்றதன்று. இரண்டு வாரம் கழித்து மேலும் இரண்டு மூன்று விடலாம். நுண்ணுயிர்களின் தொகை கிடைக்கும் உணவிற்கேற்பவே இருக்கும். ஒரே நாளில் பத்து மீன் விட்டால் அவை திணறிப்போகும்.

இங்கே நம் இல்லத்தரசிகளிடம் ஒரு வேண்டுகோள். தூய்மை உங்களுக்கு இயல்பான நற்குணம். ஆனால் தொட்டியைப் பொறுத்தவரை சோப்பும் தேய்ப்பும் தூய்மையன்று. முதல் வாரத்தில் நீர் அரிசி கழுவிய நீர்போல் வெண்மையாகக் கலங்கக்கூடும். அது வேறுவகை நுண்ணுயிர்களின் பெருக்கம். தானே தெளியும். அதனைக் கண்டு அஞ்சி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுவோர், மூன்று வாரம் உழைத்துக் குடியேறியவர்களைத் தெருவில் விடுகின்றனர். பில்டர் ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாகப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். குழாயடியில் அலசலாகாது. பின்னாளில் வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். மின்தடை நெடுநேரம் நீடித்தால், கோப்பையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றுக.

ஏற்கெனவே புதுத்தொட்டியில் மீனை விட்டுவிட்டோர் மனம் தளர வேண்டாம். நாள்தோறும் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை நீரைக் குளோரின் நீக்கி மாற்றுக. தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதுவும் மிகச் சிறிதே இடுக. முடிந்தால் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பெற்று வைக்க. நான்கைந்து வாரம் இவ்வாறு காத்தால் பல மீன்கள் பிழைக்கும். உழைப்பு மிகுதி. ஆனால் சிறுவர் கண்முன் ஓர் உயிரைக் காப்பாற்றிய மனநிறைவு அதனினும் மிகுதி.

தொட்டியில் நாம் கற்பதை நம் ஆற்றிலும் காண்கிறோம். பொதிகையில் தோன்றி, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியின் ஒவ்வொரு வழுக்குப் பாறையும் ஒரு பில்டரே. பாபநாசத்துப் பாறையில் கால் வழுக்கும்போது நாம் முகம் சுளிக்கின்றோம். அவ்வழுவழுப்பில் வாழ்பவையே நீரைக் காக்கின்றன. ஆயினும் அவற்றின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. நகரத்துச் சாக்கடை அளவின்றிக் கலக்கும்போது, ஒரே நாளில் பத்து மீன் விட்ட தொட்டியின் நிலையே ஆற்றிற்கும் நேர்கின்றது. ஆற்றில் கழிவுநீர் கலப்பது பற்றி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்து, 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து பார்வையிடும் நிலை ஏற்பட்டது. வீட்டுத் தொட்டியில் அம்மோனியா ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்ட பிள்ளை, வளர்ந்தபின் ஆற்றில் குப்பை கொட்டக் கூசும் என்று நாம் நம்புகிறோம்.

மேலும் ஒன்று. தொட்டி சலித்துவிட்டால் மீன்களை ஆற்றிலோ குளத்திலோ விடுவது தருமம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தருமமன்று. 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் அயல்நாட்டு மீன் இவ்வாறு விடப்பட்டுத் தமிழகத்தின் நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடையூறாகியுள்ளது. நம் ஆற்றிற்கே உரிய கெண்டை இனம் ஒன்று உண்டு. 1954இல் சைலஸ் என்ற அறிஞர் அதனை விவரித்தபோது தாமிரபரணியின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனம். அதனைப் பிடித்து வந்து தொட்டியில் அடைப்பதும் வேண்டாம், அதன் வீட்டில் அந்நியரைக் கொண்டு விடுவதும் வேண்டாம். வேண்டாத மீன்களைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்போரிடமோ ஒப்படையுங்கள்.

ஆகவே, அடுத்த முறை தொட்டி வாங்கும் பெற்றோர் மீனை அன்றே வாங்க வேண்டாம். வெறுந்தொட்டியைப் பிள்ளை பார்த்துப் பார்த்து ஏங்கும் என்று வருந்தவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, தேதியும் சோதனையின் நிறமும் எழுதிவரச் சொல்லுங்கள். இன்று மஞ்சள், நாளை பச்சை, மறுவாரம் மீண்டும் மஞ்சள் என்று அவ்வேடு நிரம்பட்டும். ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் நீரில் இத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்ற வியப்பு பிள்ளைக்கு அப்போதே உண்டாகிவிடும். மீன்கள் வரும் நாளில் அவற்றை ஏற்க வீடும் ஆயத்தமாயிருக்கும், தொட்டியும் ஆயத்தமாயிருக்கும்.